கறியைக் குறைப்பதென்று முடிவெடுத்தால் எதை முதலில் குறைப்பது?

கறியைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நம் ஊரிலும் இப்போது நிறையவே இருக்கிறார்கள். டாக்டர் சொன்னதால் குறைப்பவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை, சாமிக்காக விடுபவர்களைப் பற்றியும் இல்லை. கோழிப்பண்ணையில் நடப்பதைப் பார்த்து மனசு ஒப்பாமல் போனவர்கள், பருவநிலை மாற்றத்தில் கால்நடைகளுக்கு உள்ள பங்கைப் படித்துவிட்டு யோசிப்பவர்கள், இரண்டும் சேர்ந்து உறுத்துகிறவர்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முழுசாக விடுவதா, பாதியாக்குவதா, மட்டனை விட்டுக் கோழிக்கு மாறுவதா, மீன் மட்டும் வைத்துக்கொள்வதா, பனீருக்குப் போவதா என்று வழிகள் பல இருக்கின்றன. எதையாவது செய்யுங்கள், எல்லாமே நல்லதுதான் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த வழிகளில் ஒன்றிரண்டு, எதைச் சரிசெய்யக் கிளம்பினோமோ அதையே இன்னும் மோசமாக்கிவிடும்.

ஏனென்றால் பூமியைக் காப்பது, விலங்கின் துன்பத்தைக் குறைப்பது என்ற இந்த இரண்டு காரணங்களும் ஒரே பக்கம் கை காட்டுவதில்லை.

முதலில் பூமியின் கணக்கு. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜோசப் பூரும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தாமஸ் நெமெசெக்கும் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 119 நாடுகளில் 38,000-க்கும் மேற்பட்ட பண்ணைகளின் தரவைச் சேர்த்து, பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுவை ஒவ்வொரு உணவும் எவ்வளவு (கரியமில வாயுக் கணக்கில்) வெளிவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். 100 கிராம் புரதம் கிடைக்க, கறிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்கு சராசரியாக 50 கிலோ, ஆட்டுக்கு 20, பண்ணை இறாலுக்கு 18, பாலாடைக்கட்டிக்கு 11, பண்ணை மீனுக்கு 6, கோழிக்கு 5.7, முட்டைக்கு 4.2. அப்புறம் சட்டென்று இறங்குகிறது: டோஃபு (சோயா பனீர்) 2, நிலக்கடலை 1.2, பருப்பு பயறு வகைகள் 1-க்கும் கீழே. ஆடும் மாடும் இவ்வளவு உயரத்தில் நிற்பதற்குப் பெரிய காரணம் அவை அசைபோடும் பிராணிகள் என்பது. வயிற்றில் புல் நொதிக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியே வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் கிட்டத்தட்ட 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

இந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் மட்டனை நிறுத்திவிட்டுக் கோழி வாங்கு என்றுதான் வரும். மேலை நாடுகளில் சுற்றுச்சூழல் அக்கறையில் எழுதுபவர்கள் பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். அங்கே அவர்கள் விடச் சொல்வது பெரும்பாலும் மாட்டுக்கறியை. அந்த யோசனை இங்கே வரும்போது மட்டன் என்று மாறிவிடுகிறது.

இப்போது விலங்கின் கணக்கைப் பார்ப்போம். நாலு பேர் உள்ள வீட்டில் வாரம் அரைக் கிலோ கறி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 26 கிலோ. ஓர் ஆட்டில் சுமார் 12 கிலோ கறி தேறும், ஆக இரண்டு ஆடும் கொஞ்சமும். இரண்டு கிலோ உயிர் எடையுள்ள பிராய்லரை உரித்துச் சுத்தம் செய்தால் 1.4 கிலோ பக்கம் நிற்கும், ஆக பதினெட்டுப் பத்தொன்பது கோழிகள். மட்டனிலிருந்து கோழிக்கு மாறிய வீடு, இரண்டு சாவுக்குப் பதிலாகப் பதினெட்டுச் சாவை வாங்குகிறது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்று சிலர் சொல்வார்கள், சரிதான். அதனால் இன்னொரு விதமாகவும் போட்டுப் பார்த்தேன்: ஒரு கிலோ கறிக்காக அந்தப் பிராணி எத்தனை நாள் நம் கையில் வாழ்கிறது? பிராய்லருக்கு ஆயுள் 35 முதல் 42 நாள், கறி 1.4 கிலோ. ஒரு கிலோவுக்குச் சுமார் முப்பது நாள். ஆடு ஏறத்தாழ ஒரு வருஷம் வளர்ந்து 12 கிலோ கறி தருகிறது. அதுவும் ஒரு கிலோவுக்கு முப்பது நாள்தான்! நாள் கணக்கு ஒன்றாக இருப்பதால் கேள்வி வேறாகிவிடுகிறது. அந்த முப்பது நாளும் எப்படிப்பட்ட நாட்கள்?

பல்லடம், உடுமலை பக்கம் பிராய்லர் ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தரையில் தென்னை நார்க் கழிவு பரப்பியிருப்பார்கள், ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி, கொஞ்சம் கூடக்குறைய. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுத்துவிடும், ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையது, எடை போட்டு வளர்ப்புக்கூலி வாங்கிக்கொள்வார். நாற்பது கிராம் குஞ்சு ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. கடைசி வாரத்தில் நிறையக் கோழிகளுக்கு நடக்கவே மனமில்லாதது மாதிரி இருக்கும், தீவனத் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். எலும்பும் காலும் தாங்குவதற்கு முன்பே மார்புச் சதை ஏறிவிடும்படி தலைமுறை தலைமுறையாக அதைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். இதில் விவசாயியின் குற்றம் எதுவும் இல்லை. அவர் எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டாலும் அந்தக் கோழி பிறக்கும்போதே தன் உடம்பில் அந்தத் துன்பத்தைக் கொண்டுதான் வருகிறது. அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாகப் பிளாஸ்டிக் கிரேட்டில் அடைத்து லாரியில் ஏற்றி, விடியலில் கடை வாசலில் கூண்டில்.

ஆட்டுக்கு வருவோம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் செம்மறிக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாக நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுவடை முடிந்ததும் தாளடி வயலில் கிடை போடுவார்கள். பகலெல்லாம் மேய்ச்சல், ராத்திரி வயலில் பட்டி, விடிந்தால் புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கே உரம். கிடை போட்டதற்கு வயல்காரர் காசோ நெல்லோ கொடுப்பார். வீட்டில் நாலைந்து வெள்ளாடு வைத்திருக்கும் பெண்கள் வேலி ஓரமாக, கண்மாய்க் கரையில் மேய்த்துக்கொண்டு வருவார்கள். அந்த ஆடு வெயிலில் நடக்கிறது, மழையில் நனைகிறது, குட்டி தாயோடு ஓடுகிறது, தழை கடிக்க முன்காலைத் தூக்கி மரத்தில் வைக்கிறது. கடைசியில் அதையும் அறுக்கத்தான் போகிறோம், அதை நான் மறைக்கவில்லை. சென்னை மாதிரி ஊர்களுக்கு ஆந்திராவிலிருந்து லாரியில் நெருக்கி ஏற்றி வரும் ஆடுகள் படும் பாடும் தனி. இருந்தாலும் ஆறு வாரம் ஷெட்டுக்குள் இருந்த கோழியின் முப்பது நாளையும் மேய்ந்து திரிந்த ஆட்டின் முப்பது நாளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க என்னால் முடியாது.

அப்படியானால் கோழியை விட்டுவிட்டு அதே அளவு மட்டன் சாப்பிடலாமா? கூடாது. அப்படிச் செய்தால் பூமியின் கணக்கு மூன்றரை மடங்கு ஏறிவிடும், மேலே சொன்ன 20-க்கும் 5.7-க்கும் உள்ள தூரம் அதுதான். கிடை ஆடு தரிசிலும் தாளடியிலும் மேய்வதால் அதற்கென்று காடு அழிக்கவில்லை, மக்காச்சோளம் சோயா விதைக்கவில்லை, அதனால் உலகச் சராசரியைவிடக் கொஞ்சம் குறையலாம் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் மீத்தேன் மீத்தேன்தான். ஐ.நா.வின் பன்னாட்டுப் பருவநிலைக் குழுவின் (ஐ.பி.சி.சி.) 2006 வழிகாட்டியில் நம்மைப் போன்ற நாடுகளின் ஆட்டுக்கு வருஷத்துக்கு 5 கிலோ மீத்தேன் என்று போட்டிருக்கிறார்கள். மேயும் இடம் எதுவானாலும் அது வெளியே வரத்தான் செய்யும்.

என் யோசனை இதுதான்: கோழி வாங்கும் அளவில் நாலில் ஒரு பங்கு மட்டும் மட்டன். வருஷத்துக்கு 26 கிலோ கோழி எடுத்த வீடு ஆறரைக் கிலோ மட்டனோடு நிறுத்திக்கொண்டால், வாயுக் கணக்கு கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது, ஏறவில்லை. பதினெட்டுக் கோழிக்குப் பதில் அரை ஆடு. மட்டன் விலை கோழியைப் போல மூன்று நாலு மடங்கு என்பதால் மாதச் செலவும் ஏறக்குறைய அதேதான். தட்டில் குறைந்த புரதத்தைப் பருப்பும் பயறும் ஈடுகட்டினால் (அதன் வாயு 1-க்கும் கீழே என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்) கொஞ்சம்தான் கூடும். மட்டனையும் சேர்த்துக் குறைப்பவர்களுக்கு இரண்டு கணக்கும் இறங்கும், அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், வாராவாரக் கோழியை விட்டுவிட்டு மாதம் ஒருமுறை மட்டனை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன், நேர்மாறாக அல்ல.

முட்டை

கறியை விட்டவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது முட்டையைத்தான். வாயுக் கணக்கில் அது நல்லதே. ஆனால் நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழி நிற்பது கம்பிக் கூண்டில், ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஓர் ஏ4 தாளைவிடச் சின்னது. இறக்கையை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது, முட்டையிட ஒதுக்குப்புறம் தேட முடியாது. ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே அலகின் நுனியை வெட்டிவிடுவார்கள். இந்த இனத்தில் பிறக்கும் ஆண் குஞ்சுக்குக் கறியும் இல்லை முட்டையும் இல்லை என்பதால் பெரும்பாலும் பொரித்த அன்றே கொன்றுவிடுவார்கள், மிச்சமானவற்றில் சில பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசப்பட்டுத் தெருவில் குழந்தைகளுக்கு விற்பனையாகும். 2017-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-வது அறிக்கையை இந்தக் கோழிகள் அடைபட்டிருக்கும் நிலையைப் பற்றியே எழுதியது.

நாள் கணக்கை இங்கேயும் போடலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராமுக்குப் பதினாறு பதினேழு முட்டை. நல்லபடியாக இடும் கோழி வருஷத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் இடும் என்றால், அது கூண்டில் பத்தொன்பது இருபது நாள். அதே 100 கிராம் புரதத்துக்கு பிராய்லர் ஷெட்டில் பதினைந்து நாள்தான். ஆக, கோழிக்கறியை விட்டு அந்த இடத்தில் கூண்டு முட்டையை வைத்தால் விலங்குக்கு நாம் எதையும் குறைத்துக் கொடுக்கவில்லை. முட்டையைக் கூடுதல் ஆக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன், அடியோடு விடச் சொல்லவில்லை. சத்துணவில் குழந்தைகளுக்குப் போகும் முட்டையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ரத்தசோகை இருப்பதாக தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லும்போது, குறைக்க வேண்டியது அந்தத் தட்டில் இல்லை.

நாட்டுக்கோழி நல்ல வழி, ஆனால் குறுகலான வழி. கொல்லையில் மேய்ந்து, கரையானும் சிந்திய தானியமும் பொறுக்கி, ஒன்றரைக் கிலோ ஆக நாலைந்து மாதம் எடுத்துக்கொள்ளும் கோழி எல்லா விதத்திலும் மேல். நகரத்துக் கடையில் நாட்டுக்கோழி என்று கிடைப்பதில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்த கலப்பினம். வளர்ச்சி மெதுவானது என்பதால் கால் வலியில்லாமல் நடக்கும், அது உண்மையான வித்தியாசம். ஆனால் மெதுவாக வளரும் கோழி ஒரு கிலோ கறிக்கு அதிகத் தீவனம் தின்னும், அதனால் பூமியின் கணக்கில் பிராய்லரைவிடப் பின்தங்கும். ஊரில் அம்மாவோ அத்தையோ வளர்ப்பதிலிருந்து பொங்கலுக்கு ஒன்று, கிடா வெட்டாத வருஷத்தில் ஒன்று என்று வந்தால் சந்தோஷமாகச் சாப்பிடலாம். வாரா வாரம் வாங்கி மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ள அது உதவாது.

மீன்

கடற்கரை ஊர்க்காரர்கள் கறியைக் குறைப்பதென்றால் மீனைக் கூட்டுவார்கள். இங்கே எந்த மீன், எந்த வலை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, மீன் என்று மொத்தமாகப் பேசினால் ஒன்றும் விளங்காது.

முதலில் இறாலை ஒதுக்கிவிடலாம். பண்ணை இறாலின் 18 என்ற எண் ஆட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நாகப்பட்டினம் பக்கம் இறால் குட்டைகள் வந்த பிறகு நெல் வயலும் குடிதண்ணீரும் உப்பாகிப் போனதற்கு எதிராகக் காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனதும், 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததும் இந்த மண்ணில் நடந்ததுதான். பண்ணையில் வளரும் வனாமி இறால் ஒரு கிலோவில் ஐம்பது அறுபது உயிர் என்பது தனிக் கணக்கு.

அடுத்து இழுவைமடி. விசைப்படகு கடல் தரையை வாரிக்கொண்டு போகும்போது வேண்டிய மீனோடு குஞ்சும் பொடியும் சேர்ந்து வரும். ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்பார்கள். அது காய்ந்து கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகிறது. கடலுக்கும் பல்லடத்து ஷெட்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பதை நாம் யோசிப்பதே இல்லை. பாக் நீரிணையில் நம் இழுவைப் படகுகள் போகும் வழியில் அறுபடுவது வட இலங்கைத் தமிழ் மீனவர்களின் வலைகள். இலங்கை 2017-இல் தன் கடலில் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடையோடு நிற்கிறது.

எஞ்சுவது சிறுபடகு மீன், அப்புறம் உள்நாட்டு மீன். ஃபைபர் படகில் போய் வலை போட்டு அன்றைக்கே திரும்பும் மத்தி, காரப்பொடி, நெத்திலி, சூடை. கரைக்குப் பக்கத்திலேயே கிடைப்பதால் டீசல் குறைவு, தீவனம் கிடையாது, வேகமாக இனம் பெருக்குபவை, விலையும் குறைவு. பூமியின் கணக்கில் விலங்கு உணவிலேயே மிகவும் கீழே இருப்பவற்றில் இதுவும் ஒன்று என்று உறுதியாகச் சொல்வேன். மத்தி என்று கேட்டு வாங்கும்போது ஒரு விஷயம்: மீன் கூட்டத்தை மொத்தமாக வளைத்துச் சுருக்கும் சுருக்குமடி வலையில் பிடித்ததா என்றும் கேளுங்கள், 2000-இல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை போட்டார்கள். உள்நாட்டில் கண்மாய் மீனும், குளத்தில் வளர்க்கும் கட்லா, ரோகு, மிர்காலும் பரவாயில்லை. ஒன்று மேல் தண்ணீரில், ஒன்று நடுவில், ஒன்று அடியில் என்று மேய்ந்து பெரும்பாலும் பாசியும் நுண்ணுயிரும் தின்று வளர்பவை.

ஆனால் உயிர் எண்ணிக்கை? ஒரு கிலோ நெத்திலியில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆடு கோழி என்று தலை எண்ணியவன் இங்கே கண்ணை மூடிக்கொள்ள முடியாது. என் தரப்பு இது: அந்த மீன் பிடிபடும் நாள் வரை கடலில் தன் போக்கில் வாழ்ந்தது, நாம் அதற்கு ஒரு சிறையும் கட்டவில்லை. சாகும் நேரம் கொடுமையானது. அந்தச் சில நிமிடங்களையும் கூண்டில் ஒரு வருஷத்துக்கும் மேலான நாட்களையும் வைத்துப் பார்க்கும்போது நான் மத்தியின் பக்கம் நிற்கிறேன். எண்ணிக்கைதான் முக்கியம் என்று கருதுபவர் மீனைத் தொடாமல் இருக்கலாம், அந்த வாதத்தில் ஓட்டை இல்லை.

பனீர்

கறியை விட்டு சைவமாக மாறுபவர்களில் பெரும்பாலானோர் கூட்டுவது பால், தயிர், நெய், பனீர். இதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு தொடங்குபவர்கள் இங்கேதான் தடம் மாறுகிறார்கள். ஒரு கிலோ பனீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும். உலகச் சராசரியில் ஒரு லிட்டர் பாலுக்கே ஏறக்குறைய மூன்று கிலோ வாயு, ஆக பனீர் கிலோவுக்குப் பதினைந்துக்கு மேல். கோழியைப் பனீரால் மாற்றினால் பூமிக்கு நஷ்டம்! இந்தியக் கறவை மாடு ஒன்று வருஷத்துக்கு 58 கிலோ மீத்தேன் விடுவதாக மேலே சொன்ன 2006 வழிகாட்டி சொல்கிறது, ஆட்டைப் போலப் பதினோரு மடங்குக்கும் மேல்.

விலங்குக்கு? நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், நாள் கணக்கில் பால் மிகவும் நல்ல நிலையில் இருக்கிறது. நாளுக்கு ஏழெட்டு லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு, 100 கிராம் புரதத்தை அரை நாளில் தந்துவிடும். ஆனால் பால் வேண்டுமென்றால் மாடு கன்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதில் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, சினைக்கு ஊசி வந்துவிட்டது, அந்தக் கன்றை வைத்துக்கொண்டு யார் தீவனம் போடுவார்கள்? கறவை வற்றிய மாட்டுக்கும் இதே கேள்விதான். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் அவை எங்கே போகின்றன என்பது தெரிந்துவிடும், லாரிகள் கேரளாவைப் பார்த்து நிற்கும். உலகத்திலேயே அதிகப் பால் கறக்கும் நாடு இது, எருமைக்கறி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் நிற்கும் நாடு. இரண்டும் ஒரே தொழுவத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பால் குடிப்பவர் அந்தக் கறிக்கும் பொறுப்புதான்.

இதனால்தான் மாட்டுக்கறி சாப்பிடுபவர்களைப் பார்த்து விரல் நீட்டும் பேச்சை என்னால் சகிக்க முடிவதில்லை. பட்டியலில் இருக்கும் 50 என்பது கறிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்கு. பால் மாட்டுக் கூட்டத்திலிருந்து வரும் கறிக்கு அதே ஆய்வில் 17 தான், ஆட்டைவிடக் குறைவு. இங்கே சந்தைக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். குறைந்த விலையில் இரும்பும் புரதமும் தரும் கறியைச் சாப்பிடும் குடும்பத்திடம், வாரத்துக்கு ஒரு கிலோ பனீரும் நெய்யும் கரைக்கும் வீடு போய்ச் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பது அநியாயம். “சைவம் மட்டும்” என்று போர்டு மாட்டி வீடு வாடகைக்கு விடுபவர்களின் ஒதுக்கலுக்கும் நாம் பேசும் இந்த அக்கறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதை அந்தப் பக்கம் சாய விடவும் கூடாது.

பாலையும் சேர்த்து எல்லாவற்றையும் விடும் வீகன் வழி, இரண்டு கணக்கிலும் முதலிடம். அதில் விவாதம் இல்லை. பி12 மட்டும் செடியிலிருந்து கிடைக்காது, மாத்திரை எடுத்தே ஆக வேண்டும், இதை எந்தப் பாட்டி வைத்தியமும் மாற்றாது. வளரும் குழந்தை, கர்ப்பிணி என்றால் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

தட்டில் என்ன வைப்பது

கறிக்குப் பதில் காளான், பலாக்காய் என்கிறார்கள். பலாக்காய் பிரியாணி நன்றாகவே இருக்கும், ஆனால் காளானிலும் பலாக்காயிலும் 100 கிராமுக்கு மூன்று கிராம் பக்கம்தான் புரதம். ருசிக்கு மாற்று, சத்துக்கு மாற்று அல்ல. சத்துக்கு கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, துவரை, உளுந்து, நிலக்கடலை, மீல்மேக்கர். காய்ந்த கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம், நிலக்கடலையில் 25, மீல்மேக்கரில் 50. இவை தானே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்ப்பதால் யூரியா குறைவு. டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவார்கள், வயலில் மிச்சம் இருக்கும் ஈரத்தையும் பனியையும் குடித்தே அது வளர்ந்துவிடும். புரதத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழியை நான் பார்த்ததில்லை.

கிழமை பார்த்து விடுவதா, அளவைக் குறைப்பதா என்று கேட்டால், நம் வீடுகளுக்கு முதலாவது ஏற்கெனவே பழக்கம். வெள்ளி, செவ்வாய், அமாவாசை, புரட்டாசி, கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம். ஒரு வீடு குறைத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் புரட்டாசியைக் கவனிக்க வேண்டும். அந்த மாதம் கறிக்கோழி விலையும் நாமக்கல் முட்டை விலையும் இறங்கும், விலை இறங்கினால் பண்ணையில் குஞ்சு விடுவதைக் குறைப்பார்கள். நாம் வாங்காதது ஷெட்டு வரைக்கும் போய்ச் சேருகிறது. சிக்கல் என்னவென்றால் ஐப்பசி முதல் நாளிலேயே அந்தக் கடனை வட்டியோடு தீர்த்துவிடுகிறோம்.

அளவைக் குறைக்கும் வழி சமையலில்தான் இருக்கிறது, அதற்கு நம்மிடம் கைப்பழக்கமும் இருக்கிறது. தால்ச்சா: கடலைப்பருப்பு, கத்தரிக்காய், மாங்காய், நாலைந்து மட்டன் எலும்பு, குழம்பு முழுக்க அந்த எலும்பின் ருசி இறங்கியிருக்கும், புரதம் பருப்பிலிருந்து வரும். கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவைக் கூட்டி கறியைப் பாதியாக்கினால் சாப்பிடுபவருக்கு வித்தியாசம் தெரியாது. மொச்சைக் குழம்பில் ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு. சுரைக்காயோடு பத்துக் காசு அகலத்துக்கு உப்புக்கண்டம். கறியைத் தனித்துண்டாகத் தட்டில் குவிக்காமல் குழம்புக்கு மணமாகப் போடும் இந்தச் சமையல், காசு இல்லாத வீடுகள் கண்டுபிடித்தது. கறி குறையும்போது வாய்க்கு எதுவும் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் அதில் இருக்கிறது.

எவ்வளவு வரை சரி என்று அளவு கேட்பவர்களுக்கு, உடல்நலத்தையும் பூமியையும் சேர்த்துப் பார்த்த பன்னாட்டு அறிவியலாளர்களின் ஈட்-லான்செட் குழு 2019-இல் தந்த பரிந்துரை ஒன்று இருக்கிறது: ஆளுக்கு வாரத்துக்குச் சிவப்புக் கறி 100 கிராம், கோழி 200 கிராம், மீன் 200 கிராம், முட்டை ஒன்று ஒன்றரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைக் கிலோ கோழி எடுக்கும் நாலு பேர் வீடு ஏற்கெனவே இதற்குள் இருக்கிறது, இந்த வரம்புக்காக அவர்கள் எதையும் குறைக்க வேண்டியதில்லை, மேலே சொன்னபடி எதை வாங்குகிறோம் என்பதை மாற்றினால் போதும். வரம்பைத் தாண்டுவது நகரத்தில் வாரம் நாலு நாள் வெளியில் சாப்பிடும் ஆள்தான்.

அந்த ஆளுக்குக் கடைசியாக ஒன்று. வீட்டுக் குழம்பில் கணக்குப் பார்ப்பவர்கள்கூட வெளியில் சாப்பிடும் கோழியைக் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாயங்காலம் ஒரு ஷவர்மா, வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து சிக்கன் 65, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பக்கெட் பிரியாணி. இவை எல்லாமே பிராய்லர்தான், பாதி மிச்சம் வைத்துக் குப்பைக்குப் போவதும் இதில்தான் அதிகம். பிறந்தநாள், பண்டிகை, ஊர்க் கிடாவெட்டு இதிலெல்லாம் கைவைத்து வீட்டில் சண்டை இழுத்துக்கொள்வதற்கு முன்னால், பசிக்காக இல்லாமல் பழக்கத்துக்காக வாங்கும் இந்தக் கோழியை நிறுத்திப் பாருங்கள். அந்த இடத்தில் சுண்டலோ, நிலக்கடலையோ, முட்டை போடாத கொத்துப் பரோட்டாவோ எது வந்தாலும் சரி, பனீர் டிக்கா மட்டும் வேண்டாம்.